சீழ் இருந்தால் கிருமி இருந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு வயது 34. இரண்டரை மாதத்துக்கு முன்னால் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, பூச்சி கடித்த மாதிரி ஒரு சிவப்புப் பரு வந்தது. இரண்டு நாளில் சீழ் வைத்து உடைந்தது, ஒரு வாரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. அறுவை மருத்துவர் செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்தார். சில நாளிலேயே புண் இரண்டு மடங்கானது. மறுபடி சுத்தம் செய்தார்கள், இப்போது உள்ளங்கை அளவு இருக்கிறது. மூன்று விதமான ஆன்டிபயாடிக் மாற்றிப் பார்த்தாயிற்று. சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பியதில் சூடோமோனாஸ் என்ற கிருமி என்று வந்திருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. போர்வை பட்டால்கூட வலியில் துடிக்கிறான். மூன்றாவது முறை சுத்தம் செய்து தோல் ஒட்ட வேண்டும், தாமதித்தால் காலுக்கே ஆபத்து என்கிறார்கள். இன்னொரு மருத்துவர் பார்த்துவிட்டு, இது கிருமியே இல்லை, ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்கிறார். சீழ் வழிகிற புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவிவிடாதா? யார் சொல்வதைக் கேட்பது? படம் இணைத்திருக்கிறேன். (சம்பந்தம் உண்டா தெரியவில்லை, இரண்டு வருடமாக அவனுக்கு அவ்வப்போது சீதமும் ரத்தமுமாகப் பேதி ஆகிறது. மூலம் என்று மருந்து சாப்பிடுகிறான்.)

பதில்:

சகோதரி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதிய அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். தம்பியைப் பார்க்கிற மருத்துவர்கள் எல்லோரிடமும் அந்தப் பேதியைப் பற்றிச் சொன்னீர்களா? கால் புண்ணுக்குப் போன இடத்தில் வயிற்றைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நாளைக்கே சொல்லுங்கள். 34 வயதில் இரண்டு வருடமாக விட்டுவிட்டுச் சீதமும் ரத்தமும் போகிறதென்றால் அதை மூலம் என்று விட்டுவிட முடியாது. பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை, செய்து பார்க்க வேண்டும். காலில் இருக்கும் புண்ணுக்கும் குடலில் இருக்கும் அழற்சிக்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம்.

எனக்கு வருகிற சந்தேகம் பையோடெர்மா கேங்ரினோசம் என்கிற நோய். படத்தையும் கடிதத்தையும் வைத்து இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மூன்றாவது முறையாகக் கத்தி வைப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சீழ் என்றாலே கிருமி என்று நாம் எல்லோரும் நினைத்துப் பழகிவிட்டோம். சீழில் பெரும்பகுதி கிருமி அல்ல, நம்முடைய வெள்ளை அணுக்கள்தான், அதிலும் குறிப்பாக நியூட்ரோஃபில் என்கிற வகை. கிருமி நுழைந்தால் அவை ஆயிரக்கணக்கில் அந்த இடத்துக்கு ஓடிவந்து, தங்களிடம் இருக்கும் நொதிகளைக் கொட்டிக் கிருமியைக் கொல்கின்றன, கூடவே சுற்றியிருக்கும் சதையையும் கொஞ்சம் கரைக்கின்றன. அதுதான் சீழ். இந்த அணுக்களைக் கூப்பிடக் கிருமிதான் வேண்டும் என்றில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் கட்டுப்பாடு தவறிவிட்டால், கிருமி எதுவும் இல்லாமலே அவை தோலுக்குள் குவிந்து நல்ல சதையைக் கரைக்கத் தொடங்கும். வேலியே பயிரை மேய்கிற கதை, பையோடெர்மா கேங்ரினோசம் அந்த வகை நோய்தான். அந்த மாதிரி நேரத்தில் காய்ச்சல் வரும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எகிறும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் எல்லாம் ஏறும். கிருமித் தொற்றில் என்னென்ன ஏறுமோ அத்தனையும் இதிலும் ஏறும். அதனால் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இதை நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள், சிஆர்பி ஏறினாலே ஆன்டிபயாடிக் என்கிற பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

சரி, அப்படியானால் எதை வைத்துச் சந்தேகப்படுவது? நீங்கள் அனுப்பிய படத்தில் புண்ணின் நடுவைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் கருநீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் தெரிகிறது, அதற்கு வெளியே ஒரு சிவப்பு வளையம். விளிம்புத் தோல் புண்ணின் மேல் தொங்கிக்கொண்டு, அடியில் புரையோடிப் போயிருக்கிறது. கட்டு மாற்றும்போது செவிலியர் பஞ்சுக்குச்சியை அந்த விளிம்புக்கு அடியில் செருகினால் உள்ளே கொஞ்ச தூரம் போகும், கேட்டுப் பாருங்கள். இரண்டாவது விஷயம் வலி. புண்ணின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத வலி, போர்வை உரசினால்கூட உயிர் போகிறது என்கிற மாதிரி வலி. மூன்றாவது வேகம், ஒரு பரு சில நாட்களில் உடைந்து புண்ணாகி நாளுக்கு நாள் அகலமாவது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது ஒவ்வொரு முறை சுத்தம் செய்தபோதும் புண் பெரிதானது. இந்த நோய் இருப்பவர்களில் கணிசமான பேருக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும் அந்த இடத்தில் நோய் கிளம்பும். ஊசி குத்திய இடம், தையல் போட்ட இடம், கீறல், அறுவை செய்த விளிம்பு, எதுவாக இருந்தாலும் சரி. இதற்கு மருத்துவத்தில் பேதர்ஜி என்று பெயர். கிருமிப் புண்ணில் செத்த சதையை வெட்டி எடுத்தால் புண் தணியும். இதில் வெட்ட வெட்ட வளரும். வளர்வதைப் பார்க்கிற அறுவை மருத்துவர், போன முறை போதுமான அளவு எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த முறை இன்னும் ஆழமாக எடுப்பார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார், கிருமிப் புண்ணாக இருந்தால் அதுதான் சரியான சிகிச்சையும்கூட. இந்த நோய் மிக அரிது, பத்து லட்சம் பேரில் வருடத்துக்குச் சிலருக்குத்தான் புதிதாக வருகிறது. பல அறுவை மருத்துவர்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டுக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் இந்த வளர்ச்சிக் கணக்கை, எந்தத் தேதியில் சுத்தம் செய்தார்கள், எத்தனை நாளில் எவ்வளவு பெரிதானது என்பதை, ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கைப்பேசியில் அன்றன்று எடுத்த படங்கள் இருந்தால் தேதி வரிசையில் காட்டுங்கள். எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அது சொல்லும்.

அப்புறம் அந்தச் சூடோமோனாஸ். திறந்து கிடக்கிற எந்தப் புண்ணிலும் சில நாளில் கிருமிகள் குடியேறிவிடும். மேலாகப் பஞ்சால் துடைத்து எடுத்த சீழில் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். அங்கே அது வசிக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், புண்ணை உண்டாக்கியது அதுதான் என்று அர்த்தமில்லை. பொருத்தமான ஆன்டிபயாடிக்கைச் சரியான அளவில் சரியான நாட்களுக்குக் கொடுத்தும் புண் பெரிதாகிக்கொண்டே போகிறதென்றால், அடுத்த ஆன்டிபயாடிக் எது என்று யோசிப்பதற்கு முன்னால் நோயே வேறாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் நோயின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓ'லியரி என்ற மூன்று மருத்துவர்கள் 5 நோயாளிகளை விவரித்து இந்தப் பெயரை வைத்தபோது, அவர்களே கிருமிதான் காரணம் என்று நினைத்தார்கள். அந்த 5 பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பெருங்குடல் அழற்சி இருந்தது. இன்றைக்கும் இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உள்ளே இன்னொரு நோய் இருக்கிறது: குடல் அழற்சி, முடக்குவாதம், அல்லது ரத்த அணுக்கள் சம்பந்தமான நோய். அதனால்தான் அந்தப் பேதியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அப்படியானால் இன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கிவிடலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த இடத்தில் எனக்குப் பயம் மறுபக்கமும் இருக்கிறது. அதே மேயோ கிளினிக்கிலிருந்து 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. பார்வைக்கு அப்படியே இந்த நோய் மாதிரியே இருந்த, ஆனால் வேறு காரணத்தால் வந்த புண் உள்ள 95 பேரைப் பற்றியது. அதில் 64 பேர் ஏற்கெனவே பையோடெர்மா என்று சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதுவும் மாதக்கணக்கில். உண்மையில் அவர்களுக்கு இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், ஆழமான பூஞ்சைத் தொற்று, காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள் என்று பலவிதம். பூஞ்சைத் தொற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நீங்கள் பயப்படுகிற அதே விபரீதம் நடக்கும். ஆக உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிருமி இல்லை என்று உறுதி செய்யாமல் கொடுப்பதுதான் தவறு.

அந்த உறுதிக்கு வழி பயாப்ஸி. சுத்தம் செய்வது வேறு, பயாப்ஸி வேறு. புண்ணின் விளிம்பில், கொஞ்சம் நல்ல தோலும் கொஞ்சம் புண்ணும் சேர்ந்து வருகிற மாதிரி, அடியில் இருக்கும் கொழுப்பு வரைக்கும் ஆழமாக ஒரு சின்னத் துண்டு எடுக்க வேண்டும். நடுவிலிருந்து எடுத்தால் செத்த சதை மட்டும்தான் வரும், ஒன்றும் தெரியாது. எடுத்ததை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃபார்மலினில் போட்டு நோய்க்கூறு ஆய்வுக்கும், இன்னொன்றைச் சலைன் என்கிற உப்பு நீரில் போட்டுக் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர் செய்ய முடியாது. முழுத் துண்டையும் ஒரே புட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு கையைப் பிசைகிற நிலை வரக் கூடாது, அதனால் எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சாதாரணக் கிருமிக்கு மட்டுமின்றிப் பூஞ்சைக்கும் காசநோய்க் குடும்பக் கிருமிகளுக்கும் சேர்த்துக் கல்ச்சர் கேட்க வேண்டும். பயாப்ஸியும் ஒரு காயம்தானே, அதனால் புண் பெரிதாகாதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஆகலாம். ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும், தெரியாமல் இருட்டில் மருந்து கொடுப்பதன் ஆபத்து அதைவிட அதிகம்.

பயாப்ஸி அறிக்கையில் “பையோடெர்மா கேங்ரினோசம்” என்று அச்சடித்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நியூட்ரோஃபில்கள் குவிந்திருக்கின்றன, கிருமி எதுவும் தெரியவில்லை, ரத்தக்குழாய் நோயோ புற்றுநோயோ இல்லை என்கிற மாதிரித்தான் வரும். அதையும் விளிம்பையும் வலியையும் பேதியையும் சேர்த்து வைத்து ஒரு தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முடிந்தால் தோல் மருத்துவர், குடல் மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் ஒரே இடத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கேட்டுவிட்டு நீங்கள் நடுவில் நின்று தவிக்க வேண்டாம்.

ஸ்டீராய்டுக்கு முன்னால் இன்னொன்றும் கட்டாயம்: மலப் பரிசோதனை. அமீபாவால் வருகிற குடல் புண்ணும் சீதமும் ரத்தமுமாகத்தான் போகும், அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகும் அபாயம் உண்டு. அமீபா அரிதாகத் தோலிலும் இப்படிப் புண் உண்டாக்கும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்கிற குடல் புழுவும் ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பெல்லாம் பரவக்கூடியது. கூடவே காசநோய், ஹெபடைடிஸ் பி, எச்ஐவி பரிசோதனைகளையும் முடித்துவிட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, நோய் இதுதான் என்று முடிவானால், ஸ்டீராய்டைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தப் புண்ணில் சதையைக் கரைப்பது நம் அணுக்கள் என்பதால் அவற்றை அடக்குவதுதான் சிகிச்சை. பிரிட்டனில் 121 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் 6 மாதத்தில் 47 சதவீதம் பேருக்குப் புண் முழுவதுமாக ஆறியது. எது கொடுப்பது என்பதைத் தம்பியின் ரத்த அழுத்தம், சிறுநீரகம், எலும்பு இவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். குடல் அழற்சியும் இருப்பது உறுதியானால் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்து இரண்டுக்கும் சேர்த்து உதவும். அந்த 47 சதவீதத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வாரத்தில் புண் மூடிவிடும் என்று நம்பி, மூடாததைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. முதலில் வலி குறையும், பெரும்பாலும் சில நாளிலேயே. அடுத்து விளிம்பின் ஊதா நிறம் வெளிறும், புண் வளர்வது நிற்கும். மூடுவதற்கு மாதங்கள் ஆகும், தழும்பும் இருக்கும். தொடங்கிய ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்கையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், பயாப்ஸி கல்ச்சர் வரும் வரை மருத்துவர்கள் அதைத் தொடரலாம்.

தோல் ஒட்டும் அறுவை என்றைக்குமே கூடாது என்று இல்லை. நோய் அடங்கிய பிறகு, மருந்தின் பாதுகாப்பில் செய்வதுண்டு. நோய் கொழுந்துவிட்டு எரியும்போது செய்தால் ஒட்டிய தோல் அழுகுவதோடு, ஒட்டுவதற்காகத் தொடையில் தோல் எடுத்த இடத்திலும் புதிதாக ஒரு புண் கிளம்பக்கூடும்.

ஆனால் ஒரே ஒரு நிலையில் நான் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள். மணிக்கணக்கில் சிவப்பு பரவுகிறது, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று இருப்பது போலத் தெரிகிறது, குளிர் நடுக்கம், மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அங்கே அறுவை மருத்துவர் உடனே திறக்க வேண்டும் என்றால் திறக்கட்டும். சதையைத் தின்னும் கிருமித் தொற்று உயிரை எடுக்கும், அதில் பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. உங்கள் தம்பிக்கு இரண்டரை மாதமாக நடப்பது அந்த மாதிரி இல்லை, அதனால்தான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கிருமித் தொற்று மாதிரி வேஷம் போடுகிற நோய் இது ஒன்று மட்டும் இல்லை. 1964-ல் ராபர்ட் ஸ்வீட் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 8 பெண்களிடம் பார்த்து எழுதிய நோய் ஸ்வீட் சிண்ட்ரோம். திடீர்க் காய்ச்சலோடு முகம், கழுத்து, கைகளில் வலிக்கிற சிவப்புத் தடிப்புகள். பார்த்தால் நீர் கோத்த கொப்புளம் மாதிரி இருக்கும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதற்கு அடியிலும் வருகிற கிருமித் தொற்று) என்று டிரிப்பில் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள், அசையாது. ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கும். சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் வரும், அதனால் தடிப்பு மறைந்ததோடு விட்டுவிடாமல் ரத்த அணுக்களைத் தீர விசாரிக்க வேண்டும். வெல்ஸ் சிண்ட்ரோம் என்று இன்னொன்று, அதுவும் செல்லுலைட்டிஸ் போலவே சிவந்து வீங்கும், ஆனால் வலியைவிட அரிப்பு அதிகம். அதில் குவிவது ஈயோசினோஃபில் என்கிற வேறு அணு.

ஆன்டிபயாடிக்காலேயே வருகிற சீழ்க்கொப்புளமும் உண்டு. தொண்டை வலிக்கு அமாக்ஸிசிலின் மாதிரி ஏதாவது சாப்பிட்டு, ஓரிரு நாளில் காய்ச்சலோடு அக்குள், கழுத்து, தொடையிடுக்கு என்று மடிப்புகளில் ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கான சீழ்ப் புள்ளிகள் கிளம்பும். ஒரு கிருமியும் இருக்காது. கிருமி பரவிவிட்டது என்று நினைத்து அதே குடும்பத்து மருந்தை இன்னும் வீரியமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மருந்தை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தோல் உரிந்து சரியாகிவிடும். இதோடு குழம்பக்கூடியது உடம்பு முழுக்கச் சீழ்ப் புள்ளிகள் வருகிற சொரியாசிஸ், அது உயிருக்கே ஆபத்தானது, தள்ளிப்போட முடியாதது. 1910-லேயே விவரிக்கப்பட்ட நோய், அதற்கென்றே உண்டான ஸ்பெசோலிமாப் என்ற மருந்து 2022-ல்தான் வந்தது.

மறுபடி தம்பியிடம் வருகிறேன். மருத்துவரைப் பார்க்கும் வரைக்கும் புண்ணைத் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான சலைனால் மெதுவாகக் கழுவி, ஒட்டாத வகைக் கட்டுத்துணி போடச் சொல்லுங்கள். காய்ந்து ஒட்டிய கட்டைப் பிய்த்து எடுப்பதும் அவருக்கு ஒரு காயம்தான், நனைத்துவிட்டு எடுக்க வேண்டும். வலிக்கு நல்ல மருந்து கேட்டு வாங்குங்கள். ஆனால் குடல் விஷயம் தெளிவாகும் வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம், அவை குடல் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும்.

நோய் உறுதியானால், இனிமேல் அவருக்குப் பல் பிடுங்குவதாக இருந்தாலும், மச்சம் எடுப்பதாக இருந்தாலும், எந்த அறுவையாக இருந்தாலும், கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே அந்த மருத்துவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் தெளிவாக எழுதி அவருடைய பர்ஸிலேயே வைத்துவிடுங்கள், பயாப்ஸி அறிக்கையின் நகல் ஒன்றையும் அதோடு சேர்த்து.